மூன்றரை அடிச் சந்தும் ஒரு கைப் பூவும்: ஒரு வீட்டுத் தோட்ட ஓரம் மாறிய விதம்

நம் ஊர் மனைகளில் தோட்டத்துக்கென்று யாரும் தனியாக இடம் விடுவதில்லை. பிளான் அப்ரூவலுக்காக வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே விட்ட இடம்தான் தோட்டம். முன்னால் பத்தடி, பக்கங்களில் மூன்றடி நாலடி, பின்னால் கொஞ்சம். சம்ப், செப்டிக் டேங்க், பைக், துணிக்கொடி எல்லாம் போக மிஞ்சுகிற ஓரத்தில் செடி. அந்த ஓரத்தில் கை வைத்தால் மொத்தத் தோட்டத்திலும் கை வைத்ததாகிவிடும். கூடவே வீட்டுத் தண்ணீர் வெளியேறும் வழியிலும், பக்கத்து வீட்டு உறவிலும் கை வைத்ததாகிவிடும்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது என் அத்தை வீடு. கிழக்குத் தாம்பரத்தைத் தாண்டி, ஒரு காலத்தில் ஏரிப் பாசன வயலாக இருந்து மனையாகப் பிரிந்த நகர். ஒரு கிரவுண்ட், அதாவது 2,400 சதுர அடி. கிழக்கே தெரு, 40 அடி அகலம், 60 அடி நீளம். மாடியோடு சேர்த்து வீட்டின் உயரம் சுமார் 24 அடி. முன்னால் 10 அடி, பின்னால் 6 அடி, வடக்குச் சந்து மூன்றரை அடி, தெற்குச் சந்து 4 அடி. சுற்றிலும் 5 அடி மதில், பில்லர் விட்டுக் கட்டிய நாலரை இன்ச் சுவர்.

இருந்த நிலை

பின்மதிலை ஒட்டிப் பத்து நெட்டிலிங்கம், இரண்டடிக்கு ஒன்று. கட்டும்போது மேஸ்திரி சொல்லி வைத்தது. "அசோக மரம் நேரா மேல போகும் சார், எடம் அடைக்காது" என்றாராம். மேலே நேராகத்தான் போனது. அடிமரம் பருத்து மதிலைத் தள்ள ஆரம்பித்ததை யாரும் கவனிக்கவில்லை. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயலில் ஒரு மரம் சாய்ந்து மதில் மேல் படுத்தது. அதிலிருந்து ஒரு விரிசல். மிச்சம் ஒன்பதில் பழம் பழுக்கும் பருவத்தில் இரவெல்லாம் வவ்வால். சப்பிப் போட்ட கொட்டைகள் பின்வீட்டுக்காரரின் கார் மேலும் மாடித் தொட்டி மேலும் விழும். காலையில் அவர் துடைப்பத்தோடு நின்று மேலே பார்க்கிற பார்வையை மாமாவால் தாங்க முடியாது.

முன்பக்கம் கார் வந்தபோது சிமென்ட் பேவர் போட்டார்கள். அங்கே இருந்த குண்டுமல்லிக் கொடி வடக்குச் சந்துக்கு இடம் மாறியது. அதன்பிறகு இலை மட்டும்தான். மதிலோரம் மிஞ்சிய ஒரு அடிப் பட்டையில் இட்லிப்பூச் செடி, இலையெல்லாம் மஞ்சள் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக. செம்பருத்தி அறவே இல்லை. தெற்குச் சந்தில் குரோட்டன்ஸ் தொட்டிகள், ஏ.சி. அவுட்டோர் யூனிட்டின் சூட்டுக் காற்றில் ஒரு பக்கம் கருகி.

2023 டிசம்பரில் மிக்ஜாம் மழை வந்தபோது வாசற்படி வரை தண்ணீர் நின்றது. தெருவை ஒவ்வொரு முறை போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப்போட்டு, தெரு வீட்டைவிட உயர்ந்துவிட்டது. மழைநீர் சேகரிப்புக் குழி இருந்தது. 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் அதைக் கட்டாயமாக்கியபோது வெட்டியது. மூடியைத் திறந்தால் மேல்வரை சேறு.

மழை வடிந்ததும் அத்தைக்கு வேகம் வந்துவிட்டது. ஒரு லேண்ட்ஸ்கேப் ஆள் வந்து படம் போட்டுக் கொடுத்திருந்தார்: முன்னால் மெக்சிகன் புல், ஓரத்தில் கோல்டன் டுரான்டா வேலி, மூலைக்கு ஒரு ஃபாக்ஸ்டெயில் பாம், வெள்ளைக் கூழாங்கல். படம் பார்க்க அழகாகவே இருந்தது. அத்தை அதைப் பார்த்துவிட்டுக் கேட்ட ஒரே கேள்வி: "இதுல சாமிக்கு வைக்க எதைப்பா பறிக்கறது?"

அந்தக் கேள்விதான் இந்த வேலைக்கு அடிப்படை ஆனது. ஒரு காகிதத்தில் நாலு வரி எழுதிக்கொண்டோம். வருஷம் முழுக்க தினமும் பூஜைக்கு ஒரு கைப் பூ. மழைக்கு வாசலில் தண்ணீர் நிற்கக் கூடாது. பின்வீட்டோடு சண்டை கூடாது. எழுபதைத் தொடும் இரண்டு பேர் காலையில் அரை மணி நேரத்தில் முடிக்கிற வேலையாக இருக்க வேண்டும். எந்தச் செடியின் பெயரையும் இதற்கு மேல்தான் பேசுவது என்று முடிவு. நர்சரிக்குப் போய்க் கண்ணுக்குப் பிடித்ததை வாங்கி வந்து இடம் தேடுவது நம்மிடம் உள்ள பழக்கம். பாதிச் செடிகள் அதனால்தான் சாகின்றன என்பது என் எண்ணம்.

வெயில் கணக்கு

இந்த ஆய்வில் அதிகம் கற்றுத் தந்த பகுதி இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆங்கிலத் தோட்ட நூல்களில் தெற்கு ஓரம் வெயில், வடக்கு ஓரம் நிழல் என்று இரண்டே வரியில் முடித்துவிடுவார்கள். அவர்கள் ஊருக்கு அது சரி. சூரியன் அங்கே எப்போதும் நண்பகலில் தெற்கில்தான் நிற்கும். சென்னை இருப்பது வடக்கே 13 பாகையில். ஏப்ரல் கடைசி வாரம் சூரியன் உச்சந்தலைக்கு வந்து, அதைத் தாண்டி வடக்கே போய்விடுகிறது. ஆகஸ்ட் மூன்றாம் வாரம்தான் மறுபடி தெற்கே இறங்குகிறது. நடுவில் உள்ள நான்கு மாதமும் காலை முதல் மாலை வரை வெயில் வடக்குப் பக்கத்திலிருந்துதான். அந்த நாட்களில் வீட்டின் தெற்குச் சுவரில் நேர் வெயில் ஒரு பொட்டு விழாது.

இதை நிழலாக மாற்றிப் பார்த்தால் சந்துகளின் குணம் தெரிந்துவிடும். டிசம்பர் நண்பகலில் சென்னையில் ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தில் முக்கால் பங்கு நீளம், வடக்கு நோக்கி. 24 அடி வீட்டுக்கு ஏறக்குறைய 18 அடி நிழல். மூன்றரை அடி வடக்குச் சந்து அதற்குள் தொலைந்துபோகும். ஐப்பசியிலிருந்து மாசி வரை அங்கே நேர் வெயிலே கிடையாது. அதே வீட்டுக்கு ஜூன் நண்பகலில் நாலரை அடிக்குக் கொஞ்சம் குறைவான நிழல், இம்முறை தெற்கு நோக்கி. அப்போது 4 அடித் தெற்குச் சந்து முழுக்க நிழல்.

ஆக, வடக்குச் சந்தில் மதிலை ஒட்டிய இரண்டடிக்குச் சித்திரை பிறக்கும்போது உச்சி வெயில் வந்து சேர்ந்து, ஆவணி நடுவில் விடைபெறுகிறது. தெற்குச் சந்துக்குக் கத்திரியில் பாதி நிழல், ஆனியில் முழு நிழல், மார்கழியில் வெயில். மார்கழி வெயிலிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 5 அடித் தெற்கு மதிலின் நிழலே மூன்றேமுக்கால் அடி விழுவதால் தரையில் இருக்கும் தொட்டிச் செடிக்கு வெயில் எட்டாது. மதிலுக்கு மேலே தலை நீட்டும் கொடிக்கு மட்டும்தான் வெயில்.

மல்லி வடக்குச் சந்தில் ஏன் பூக்கவில்லை என்பதற்குத் தனி விசாரணை தேவைப்படவில்லை. நாள் முழுக்க வெயில் கேட்கிற செடி அது. பங்குனியில் மொட்டு வைக்க வேண்டிய கொடிக்குச் சித்திரையில்தான் வெயில் எட்டிப் பார்க்கிறது. அதுவும் இரண்டு வீட்டுக்கு நடுவே நடுப்பகலில் மட்டும். அத்தை இத்தனை நாள் திருஷ்டி என்று நினைத்து வேரில் சாம்பலும் மோரும் ஊற்றிக்கொண்டிருந்தார்.

கணக்கைச் சொன்னால் மாமா நம்ப மாட்டார். அதனால் மாதத்துக்கு ஒரு முறை நண்பகலில் நிழல் விளிம்பு எங்கே விழுகிறதோ அங்கே மதிலிலும் தரையிலும் சாக்பீஸால் கோடு போட்டுத் தேதி எழுதச் சொன்னேன். ரிட்டயர் ஆனவருக்குப் பிடித்த வேலை. "மாப்ளே, கோடு சுவத்துல ஏறுது" என்று போன் செய்வார். ஓரத்தை மாற்ற நினைக்கிற எவரும் ஒரு சித்திரையும் ஒரு மார்கழியும் பார்த்துவிட்டு மாற்றுவது நல்லது.

கோலமாவுக் கோடு

எந்த ஓரம் எவ்வளவு அகலம் என்பதைக் காகிதத்தில் முடிவு செய்யவில்லை. அத்தை கோலமாவை எடுத்து வந்து தரையிலேயே பாத்தியின் விளிம்பை வரைந்தார். அழிந்தால் மறுநாள் மறுபடி. அந்தக் கோட்டை மிதிக்காமல் வாழ்ந்து பார்ப்பதுதான் சோதனை.

வடக்குச் சந்தில் முதலில் இரண்டரை அடிப் பாத்தி வரைந்தோம். துணி வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு அத்தையால் மிச்ச ஓரடியில் நடக்க முடியவில்லை. சிலிண்டர் போடுகிற பையன் உருட்டிக்கொண்டு வந்து நேராகக் கோட்டின் மேலேயே போனான். "தம்பி, அது செடிப்பா" என்று அத்தை கத்தியதும் சுற்றுமுற்றும் பார்த்தான், ஒன்றையும் காணோம். கோடு இரண்டடிக்குச் சுருங்கியது. முன்பக்கம் கார்க் கதவு திறக்கிற இடத்தில் கோடு உள்வாங்கியது. பின்னால் செப்டிக் டேங்க் மூடியைச் சுற்றி, லாரிக் குழாய் இழுத்து வருகிற பாதை முழுக்க வெறுமையாகவே விட்டோம். அந்த இடத்தில் எதை நட்டாலும் என்றாவது ஒரு நாள் மிதிபடும்.

கோடு இன்னொன்றையும் சொன்னது. பாத்தி வீட்டுச் சுவரை ஒட்டி வரக் கூடாது. அஸ்திவார மட்டத்துக்கு மேல் ஈர மண்ணைக் குவித்தால் சுவரில் ஓதம் ஏறும், கரையானும் வரும். அதற்காக மதில்மேல் சாய்த்துக் குவிக்கவும் முடியாது. நாலரை இன்ச் சுவர் மழையில் ஊறிய மண்ணின் எடையைத் தாங்காது. அதனால் உயர்த்த வேண்டிய பாத்திக்கு இரண்டு பக்கமும் தனியாக ஹாலோ பிளாக் வரிசை வைத்து, மதிலுக்கும் அதற்கும் நடுவே கை நுழையும் அளவு இடைவெளி விட்டோம். மேஸ்திரி சிமென்ட் பூசித் தருகிறேன் என்று நின்றார். வேண்டாம், சும்மா அடுக்கினால் போதும் என்றோம். நாளைக்கு மாற்ற வேண்டி வந்தால் கடப்பாரை எடுக்க வேண்டியிருக்காது.

தண்ணீரும் மண்ணும்

முன்பக்கம் மதிலோரம் இரண்டு வரிசை பேவரைப் பெயர்த்ததும் கீழே எம்-சாண்ட், அதற்குக் கீழே கட்டும்போது கொட்டிய ரப்பிஷ்: உடைந்த செங்கல், பூச்சுக் கட்டி, காய்ந்த சிமென்ட். இட்லிப்பூவின் மஞ்சளுக்குக் காரணம் அங்கேயே கிடந்தது. சுண்ணாம்பும் சிமென்ட்டும் கரைந்து மண்ணின் காரத்தன்மை ஏறினால், இரும்புச்சத்து மண்ணில் இருந்தும் வேரால் எடுக்க முடியாது. இளம் இலைதான் முதலில் வெளுக்கும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து இலையில் தெளித்தால் சில வாரத்தில் பச்சை திரும்பும். ரப்பிஷ் இருக்கும்வரை மறுபடி வெளுக்கும். ஒன்றரை அடி ஆழத்துக்கு அதை அள்ளி வெளியேற்றியதுதான் இந்த வேலையிலேயே செலவு பிடித்த பகுதி. மண் வாங்குவதைவிட ரப்பிஷ் கொட்ட இடம் தேடுவது பெரும்பாடு.

ரப்பிஷுக்குக் கீழே ஏரிக் களி. ஓரடிக் குழி தோண்டி மாலையில் தண்ணீர் நிரப்பினோம். காலையில் பார்த்தால் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. இப்படிப்பட்ட இடத்தில் நாலு சட்டி மணலைக் கலந்தால் மண் இளகிவிடும் என்று பலரும் சொல்வார்கள். கொஞ்ச மணல் களியை ஒன்றும் செய்யாது. மட்கிய எருவும் இலைமக்கும் வருஷாவருஷம் மேலே போட்டு வந்தால் மெதுவாக இளகும். அதுவரை வேர் அழுகாமல் இருக்கப் பாத்தியை உயர்த்திக்கொள்வதுதான் வழி.

வடக்குப் பாத்தியை அப்படி ஓரடி உயர்த்தினோம். முன்பக்கத்தில் நேர்மாறாகச் செய்தோம்: மதிலோரம் 8 அடி நீளம், இரண்டரை அடி அகலத்துக்குத் தரையைவிட ஓரடி தாழ்ந்த பாத்தி. மாடியிலிருந்து இறங்கும் குழாயின் வாய் அதில். நடுவில் கை ஆகர் (கையால் திருகித் துளைக்கிற கருவி) போட்டுக் களியைத் தாண்டி மணல் தட்டும் வரை துளைத்து, ஜல்லி நிரப்பியது. பழைய சேகரிப்புக் குழியையும் தூர்வாரி அதோடு இணைத்தோம்.

இங்கே அளவை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த வீட்டு மாடி சுமார் 130 சதுர மீட்டர். ஒரு சென்டிமீட்டர் மழைக்கே 1,300 லிட்டர் வரும். அந்தத் தாழ்ந்த பாத்தி ஒரு நேரத்தில் பிடிப்பது 570 லிட்டர் அளவுக்குத்தான். சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்த்துவிடும். ஆகவே பாத்தி நிரம்பினால் வழிந்து தெருக் கால்வாய்க்குப் போக ஒரு குழாய் கட்டாயம். மிக்ஜாம் மாதிரி ஒரு மழைக்கு இதெல்லாம் பதில் ஆகாது. சாதாரண ஐப்பசி மழைக்கு ஆகும். இன்னொரு நிபந்தனை: உள்ளே நிற்கும் தண்ணீர் ஓரிரு நாளில் இறங்க வேண்டும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும்.

பாசனத்துக்கு போர் தண்ணீர் உப்பு. தொட்டி விளிம்பெல்லாம் வெள்ளை பூக்கிறது. ஆர்.ஓ. கழிவு நீரைச் செடிக்கு ஊற்றி வந்தார்கள். அது போர் தண்ணீரைவிட உப்பு கூடியது, தரை கழுவத்தான் லாயக்கு. ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீரில் உப்பே கிடையாது; அதை ஒரு கேனில் பிடித்துத் தொட்டிகளுக்கு விடுகிறார் மாமா.

மரத்தில் கை வைத்தது

நெட்டிலிங்கம் ஒன்பதையும் வெட்டிவிடலாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அவை மேற்கு ஓரத்தில் நிற்கின்றன. பிற்பகல் வெயில் படுக்கையறைச் சுவரில் விழாமல் இத்தனை வருஷம் தடுத்தது அவைதான். ஒரே மூச்சில் எடுத்தால் கத்திரியில் அந்த அறையில் படுக்க முடியாது. அதனால் இரண்டு கட்டம்: விரிசலுக்கு அருகே மதிலைத் தள்ளிக்கொண்டிருந்த ஐந்து முதலில், மற்ற நாலும் புது மரம் தலையெடுத்த பிறகு.

வெட்டுவதற்கு முன் மாமா பின்வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். "சார், ரொம்ப நாளா உங்களுக்குத் தொந்தரவு. உங்க கார் பக்கம் விழறதைத்தான் மொதல்ல எடுக்கறோம். மிச்சம் நாலு கொஞ்ச நாள் இருக்கட்டும், வெயில் தாங்கல." அவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "கிளையை எங்க பக்கம் இறக்கினா காரை நான் வெளியில எடுத்துடறேன் சார், கயிறு கட்டி இறக்கச் சொல்லுங்க" என்றார். வருஷக்கணக்கில் துடைப்பத்தோடு நின்ற மனிதர், வெட்டுகிற அன்று ஆட்களுக்கு மோர் கொடுத்தார்.

மரம் வெட்ட வந்த அண்ணன் கடப்பாரையோடு வேரையும் தோண்டப் போனார். தடுத்துவிட்டோம். மதிலடி வேரைப் பிடுங்கினால் அஸ்திவாரத்து மண்ணும் சேர்ந்து வரும். தரையோடு அறுத்து, துளிர்க்கிறதை மட்டும் அவ்வப்போது கிள்ளிவிட்டால் தானாக மட்கும். கூடு ஏதும் இல்லை என்று பார்த்து, மழைக்கு முன்பே முடித்தோம்.

காலியான இடத்தில் மதிலிலிருந்து இரண்டடி தள்ளி ஒரு பவழமல்லி, ஒரு கறிவேப்பிலை. குளியலறைத் தண்ணீர் போகிற மூலையில் ஒரு வாழை. முருங்கை வைக்கலாம் என்று அத்தை ஆசைப்பட்டார். கொஞ்சம் காற்றடித்தாலே கிளை முறிகிற மரம். கம்பளிப்பூச்சி சீசனில் பின்வீட்டுச் சுவரெல்லாம் ஊரும். சமாதானம் ஆன கையோடு அதை வைக்க வேண்டாம் என்று மாமாவே சொல்லிவிட்டார்.

எந்த ஓரத்தில் எது

வடக்குப் பாத்திக்கு என்ன வைப்பது என்பதில்தான் எனக்கு அதிக சந்தோஷம். சித்திரையில் வெயில் வந்து ஆவணியில் போகிற இடம், அதன்பின் நிழல். வைகாசியில் கிழங்கு ஊன்றினால் வெயில் இருக்கும்போதே இலை விட்டுத் தழைத்து, நிழல் வந்த பிறகு கிழங்கு திரண்டு, தைக்குப் பிடுங்குகிற பயிர் ஒன்று இருக்கிறது: மஞ்சள். பாதி நிழலும் அதற்கு ஒத்துக்கொள்ளும். பொங்கல் பானையில் கட்டக் கொத்து சந்திலேயே கிடைத்தால் அத்தைக்கு வேறென்ன வேண்டும். நடுநடுவே கனகாம்பரம். அரை நிழலில் நன்றாகவே பூக்கிற செடி, ஆனால் நூற்புழுவும் வாடலும் வரும். வேப்பம் புண்ணாக்கு போட்டுத்தான் நட்டோம்.

தெற்குச் சந்தில் தரையில் வெயில் இல்லை, மதிலுக்கு மேல்தான் உண்டு என்பதால் கொடி மட்டும். ஆடிப் பட்டத்தில் அவரை ஊன்றி, மதில் பில்லர்களுக்கு நடுவே கம்பி இழுத்து மேலே ஏற்றியது. பகல் குறுகும்போது பூக்கிற நாட்டு அவரை. அது பூ வைக்கிற சமயமும் வெயில் மதில்மேல் வருகிற சமயமும் ஒன்றே. அடியில் டிசம்பர் பூ.

முன்பக்கத்துத் தாழ்ந்த பாத்தியில் ஒரு வாரம் தண்ணீரில் நின்றாலும், கோடையில் காய்ந்தாலும் சாகாதவை: கல்வாழை, விளிம்பில் வெட்டிவேர். ரப்பிஷ் எடுத்த மேட்டுப் பகுதியில் நந்தியாவட்டை இரண்டு, பழைய இட்லிப்பூ, ஒரு செம்பருத்தி.

செம்பருத்திக்குத்தான் அத்தையிடம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. முன்பு இதே மதிலோரம் செம்பருத்தி வேலியே இருந்து, மாவுப்பூச்சி அப்பி, மொத்தமும் வெட்டி எறிந்திருக்கிறார்கள். அது பப்பாளி மாவுப்பூச்சி. 2008-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் முதலில் தென்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி என்று தமிழ்நாடு முழுக்க வெள்ளையடித்த பூச்சி. 2010-இல் பியூர்டோ ரிகோவிலிருந்து ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகு அடங்கிவிட்டது. வேறு மாவுப்பூச்சி இன்றும் வரும். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி, வேப்பெண்ணெய் சோப்புக் கரைசல் தெளித்தால் சமாளிக்கிற அளவில்தான். "வந்துச்சுன்னா உன்னைத்தான் கூப்பிடுவேன்" என்ற நிபந்தனையோடு ஒரே ஒரு செடிக்கு அனுமதி கிடைத்தது.

அரளி வருஷம் முழுக்கப் பூக்கும், பூஜைக்கும் ஆகும். பேரக்குழந்தை வந்து போகிற வீடு, செடி முழுக்க விஷம் என்பதால் சேர்க்கவில்லை.

மல்லிக்குக் கீழே எங்கேயும் இடம் இல்லை. நவம்பர் கடைசியில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டுக் கவாத்து செய்து, வேர்மண்ணோடு தோண்டி மொட்டைமாடியில் பெரிய சிமென்ட் தொட்டிக்கு ஏற்றினோம். மல்லிக்கு வழக்கமான கவாத்து சமயமும் அதுதான்.

நடந்தது என்ன

தையில் மஞ்சள் பிடுங்கியபோது கிழங்கு தடிமனாக இல்லை, ஆனால் கொத்து கொத்தாக இருந்தது. பாத்தியின் கிழக்குக் கோடியில் மட்டும் அழுகல், ஏ.சி. பொருத்திய ஆள் குழாயை அந்தப் பக்கம் திருப்பிவிட்டுப் போனது பிறகுதான் தெரிந்தது. அவரை எதிர்பார்த்ததைவிட ஏறியது; தையில் அசுவினிப் பூச்சி வந்து நுனி சுருண்டது, நுனியைக் கிள்ளிப் போட்டதோடு சரி. கனகாம்பரத்தில் மூன்றில் ஒரு பங்கு வாடிப் போனது. அந்த இடத்தில் மறுபடி அதையே நடாமல் ஓமவல்லி வைத்தாகிவிட்டது.

முன்பக்கம் ஐப்பசி மழையில் தாழ்ந்த பாத்தி இரண்டு முறை நிரம்பி வழிந்தது, குழாய் வழியாக வெளியேறியது, படிக்கு வரவில்லை. கல்வாழைதான் தேவைக்கு மேல் வளர்ந்து வெட்டிவேரை அமுக்குகிறது. மழை முடிந்ததும் பாதியைத் தோண்டி எடுக்க வேண்டும். மேற்கே ஐந்து மரம் போன பக்கத்தில் அறை சூடு கூடியிருப்பது உண்மை. ஜன்னலுக்கு வெளியே பச்சை ஷேட் நெட் கட்டியிருக்கிறார்கள். பவழமல்லி இப்போதுதான் மதில் உயரம் வந்திருக்கிறது, இன்னும் இரண்டு வருஷமாவது ஆகும்.

பூக்கணக்கு: நந்தியாவட்டை என்றைக்கும் உண்டு. பங்குனி முதல் ஆடி வரை மாடியில் மல்லி, கார்த்திகை மார்கழியில் டிசம்பர் பூ, செம்பருத்தி விட்டுவிட்டு. புரட்டாசியில் கொஞ்சம் தட்டுப்பாடு இருந்தது. பவழமல்லி பூக்க ஆரம்பித்தால் அந்த இடைவெளி அடையும். மதிலின் விரிசல் அகலவில்லை. மாமாவின் சாக்பீஸ் கோடு அங்கேயும் இருக்கிறது.

இதற்கிடையில் தெற்கே கோரைப்புல் மண்டிக் கிடந்த காலி மனையில் பூமி பூஜை போட்டாகிவிட்டது. இரண்டு மாடி என்கிறார்கள். எழும்பினால் மார்கழியில் அதன் நிழல் 18 அடிக்குக் குறையாமல் வடக்கே விழும். நாலடிச் சந்தில் கொடிக்கும் வெயில் இருக்காது. வரும் ஆடிக்கு அவரையை மாடியில் கைப்பிடிச் சுவரோரம் ஊன்றுவது, சந்தில் வெற்றிலை முயன்று பார்ப்பது என்று பேசி வைத்திருக்கிறோம். வடக்குப் பாத்திக்கு வாங்கியதில் மிஞ்சிய ஹாலோ பிளாக்குகளை இந்த வாரமே மாடிக்கு ஏற்றச் சொல்லியிருக்கிறார் அத்தை.